மலமிளக்கி வேறு, பேதி வேறு

மற்றவர்கள் எல்லாம் மருந்து வாங்கிப் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒருவர் கேட்டால், அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று ஆணுறை. இன்னொன்று, "நாலு நாளா மோஷன் போகலைங்க, கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க." மருந்துக் கடையில் பல வருஷம் நின்றவன் என்பதால் சொல்கிறேன், இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே மாத்திரையை எடுத்து எல்லோருக்கும் நீட்டுவதுதான் கடைக்காரருக்குச் சுலபம். அதனால்தான் பலருக்கு மருந்து வேலை செய்வதில்லை. சிலருக்கு வேண்டியதற்கு மேல் வேலை செய்துவிடுகிறது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. மலமிளக்கி என்பது ஒன்று, பேதி மருந்து என்பது இன்னொன்று. இளக்குவது என்றால் இறுகிக் கிடப்பதை நெகிழ வைப்பது. பேதி என்றால் தண்ணீராகக் கழிந்துபோவது. கடைக்கு வருபவருக்குத் தேவை முதலாவது, அவர் கேட்பது இரண்டாவது. நான்கு தடவை ஓடினால்தான் வயிறு சுத்தமானது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அந்த ஓட்டத்தில் போவது பெரும்பாலும் உடம்புக்கு வேண்டிய தண்ணீரும் உப்பும்தான்.

முதலில், எது மலச்சிக்கல்? தினமும் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை போகிறவரும் சரி, வாரத்துக்கு மூன்று முறை போகிறவரும் சரி, சிரமமில்லாமல் போனால் இருவரும் நலமே. வாரத்துக்கு மூன்றுக்கும் குறைவாகப் போவது, முக்கி முக்கிப் போவது, ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாகப் போவது, போய் வந்த பிறகும் மீதி இருப்பது போலவே இருப்பது, இவைதான் மலச்சிக்கலின் அடையாளங்கள். மருத்துவர்கள் மலத்தின் வடிவத்தை 7 வகையாகப் பிரித்து ஒரு படம் வைத்திருக்கிறார்கள். பிரிஸ்டல் அட்டவணை என்று பெயர், 1997-ல் வந்தது. அதில் முதல் இரண்டும் சிக்கல். மூன்றும் நான்கும், அதாவது வாழைப்பழம் போல நீளமாக, மேலே லேசான விரிசலோடோ வழவழப்பாகவோ இருப்பது, நல்லது. ஏழாவது வெறும் தண்ணீர். நாம் போய்ச் சேர வேண்டிய இடம் நான்கு. "ஸ்ட்ராங்கா" கேட்பவர்கள் நேராக ஏழுக்குப் போகப் பார்க்கிறார்கள்.

குடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மருந்துகள் தாமாகவே புரிந்துவிடும். குடிக்கும் நீர், உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 8, 9 லிட்டர் சிறுகுடலுக்குள் வருகிறது. பெரும்பகுதியை அதுவே உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் போலப் பெருங்குடலுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். பெருங்குடலை நெல் காயப்போடும் களம் என்று வைத்துக்கொள்ளலாம். களத்தில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் காயும். அடக்கி வைப்பது, சரியாக நகராமல் தங்குவது, இரண்டிலும் மலம் கல்லாவதற்குக் காரணம் இதுதான்.

ஆக, கோளாறு நான்கு இடங்களில் வரலாம். தள்ளுவதற்கே போதுமான பருமன் இல்லாமல் இருக்கலாம். இருப்பது காய்ந்து போயிருக்கலாம். தள்ளும் தசைக்கு வேகம் இல்லாமல் இருக்கலாம். எல்லாம் சரியாக வந்து சேர்ந்தும் கடைசி வாசல் திறக்காமல் இருக்கலாம். மருந்துகளும் இதே வரிசையில்தான் பிரிகின்றன.

பருமனைக் கூட்டுபவை

இசப்கோல் தெரியாத வீடு குறைவு. பிளான்டாகோ ஓவாட்டா என்ற சிறு செடியின் விதைமேல் இருக்கும் தோல்தான் அந்த வெள்ளை உமி. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிறது. வட குஜராத்தில் இருக்கும் உஞ்சா என்ற ஊர்ச் சந்தை, சீரகத்துக்குப் பேர்போனது போலவே இதற்கும் பேர்போனது. உலகத்துக்கு வேண்டிய இசப்கோலில் பெரும்பகுதியை நாம்தான் அனுப்புகிறோம். பெயருக்குப் பாரசீகத்தில் குதிரைக் காது என்று பொருள் சொல்வார்கள், விதையின் வடிவத்தை வைத்து.

இந்த உமி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கொழகொழவென்று பல மடங்கு ஊதும். நம்மால் செரிக்க முடியாது, எனவே அப்படியே பெருங்குடல் வரை போய்ச் சேரும். பருமன் கூடியதும் குடல் சுவர் விரிகிறது, விரிந்ததும் தசை தானாகத் தள்ளுகிறது. கூடவே, பிடித்த நீரை எளிதில் விடாததால் மலம் களத்தில் காய்வதும் குறைகிறது. இதனால்தான் இதே இசப்கோல் தண்ணீராகப் போகிறவருக்கும் உதவுகிறது. அங்கே மிஞ்சிய நீரைப் பிடித்துக் கெட்டியாக்குகிறது. இரண்டு பக்கமும் பேசும் மருந்து என்று பலர் இதைச் சந்தேகப்படுவார்கள். காரணம் இவ்வளவுதான்.

தவறு நடப்பது குடிக்கும் முறையில். ஒன்று, அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி விழுங்குவது. குறைந்தது ஒரு முழு டம்ளர், 240 மில்லி வேண்டும், பிறகு இன்னொரு டம்ளர் குடித்தால் இன்னும் நல்லது. தண்ணீர் போதாவிட்டால் உமி தொண்டையிலோ குடலிலோ கட்டியாகி அடைத்துக்கொள்ளும், சிக்கலைத் தீர்க்க வந்ததே சிக்கலாகிவிடும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. இரண்டு, படுக்கப் போகும் நேரத்தில் வெந்நீரிலோ பாலிலோ கலந்து குடித்துவிட்டு உடனே படுப்பது. பல வீடுகளில் வழக்கமே இதுதான். ஆனால் நடமாடும் நேரத்தில், சாயங்காலத்துக்குள் குடிப்பதே நல்லது. மூன்று, மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் குடிப்பது. இந்தக் கொழகொழப்பு மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும்.

நான்காவது தவறு, அவசரம். நேற்று குடித்தேன், இன்று ஒன்றுமே ஆகவில்லை என்று டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் உண்டு. இது வேலை செய்ய 12 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை ஆகும். முதல் சில நாள் வயிறு உப்பிக் காற்றும் பிரியும். ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து மெல்லக் கூட்டினால் அந்தத் தொல்லை குறையும். மாதக்கணக்கில் தினமும் எடுத்தாலும் கெடுதல் இல்லை, கெட்ட கொழுப்பும் கொஞ்சம் குறையும். கீரை, அவரை, கொய்யா, சிறுதானியம் என்று நார்ச்சத்து நிறையச் சாப்பிடுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார் வேண்டும் என்பார்கள். மூன்று வேளையும் வெள்ளை அரிசியையே பல வடிவங்களில் சாப்பிடும் தட்டில் அதில் பாதி இருந்தாலே அதிகம்.

நீரை இழுப்பவை

குடலுக்குள் உறிஞ்சப்படாத ஒரு பொருள் கிடந்தால், அது தன்னைச் சுற்றித் தண்ணீரை வைத்துக்கொள்ளும். உப்பு போட்ட மாங்காய்த் துண்டு நீர் விடுகிறதே, அதே விதிதான். காய்ந்து கிடக்கும் மலத்தை நனைக்க இதைவிட நேரான வழி இல்லை.

இந்தக் குடும்பத்தில் நம் ஊரில் அதிகம் விற்பது லாக்டுலோஸ் சிரப். கேலக்டோஸ், ஃப்ரக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகளை மனிதன் ஒட்டவைத்துச் செய்தது. அந்த ஒட்டைப் பிரிக்கும் நொதி நம் உடம்பில் கிடையாது. எனவே இனித்தாலும் செரிக்காமல் பெருங்குடல் வரை போகிறது, அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று அமிலமாக்குகின்றன, தண்ணீர் சேர்கிறது, மலம் இளகுகிறது. நுண்ணுயிர்கள் தின்றால் காற்று உண்டாகாமல் இருக்குமா? வயிற்று உப்புசம் இதன் கூடவே வரும் சீதனம். ஒன்று அல்லது இரண்டு நாளில் பலன் தெரியும். சர்க்கரை நோயாளிகள் "இனிப்பா இருக்கே" என்று பயப்படுவார்கள். மலச்சிக்கலுக்கு எடுக்கும் சாதாரண அளவில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் ஈரல் நோய்க்காக அதிக அளவில் தினமும் குடிப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டும். ஆமாம், ஈரல் கெட்டு அம்மோனியா மூளையைக் குழப்பும் நோய்க்கும் இதே சிரப்தான் மருந்து. பக்கத்து வீட்டுக்காரர் கையில் இந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, அவருக்கும் மலச்சிக்கல்தான் என்று முடிவு கட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால், நாள்பட்ட மலச்சிக்கலுக்கு முதல் இடம் பாலிஎத்திலீன் கிளைகால் பொடிக்கு. பெயர் மிரட்டும், ஆள் சாது. 17 கிராம் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் சுவையும் கிடையாது, மணமும் கிடையாது. அது பிடித்து வைத்திருக்கும் தண்ணீரையே சுமந்துகொண்டு கீழே போகிறது. நுண்ணுயிர்கள் இதைத் தின்பதில்லை, அதனால் லாக்டுலோஸ் அளவுக்குக் காற்றுத் தொல்லை இல்லை. ஒன்று முதல் மூன்று நாளில் வேலை செய்யும். 2023-ல் அமெரிக்கக் குடல் மருத்துவர்களின் இரண்டு சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியிலும் இதற்கு வலுவான பரிந்துரை உண்டு. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு முந்தின நாள் லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்கிறார்களே, அதுவும் இதே பொருள்தான், உடம்பு உப்புகள் சேர்த்தது. ஒரு டம்ளரில் மலமிளக்கி, நான்கு லிட்டரில் பேதி. தலைப்பில் சொன்ன வித்தியாசம் சில சமயம் அளவில்தான் இருக்கிறது.

அப்புறம் உப்புகள். வெள்ளைப் பாலாக வரும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, நம் பெரியவர்கள் பேதி உப்பு என்று சொல்லும் மெக்னீசியம் சல்பேட் இரண்டும் இந்த வகை. வேகம் அதிகம், அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். எப்போதாவது ஒரு முறைக்குச் சரி. சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் தொடவே கூடாது. மெக்னீசியத்தை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துடையது. அது செய்யாவிட்டால் உப்பு ரத்தத்தில் ஏறி, தசை தளர்ந்து, இதயத் துடிப்பு வரை பாதிக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பத்து இருபது வருஷமாக இருக்கிற பெரியவர்களுக்குச் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. எனவே நான் அவர்களிடம் இந்தப் பாட்டிலை நீட்டுவதில்லை.

தள்ளிவிடுபவை

மூன்றாவது வகை, குடல் தசையைத் தட்டி எழுப்புவது. "ஸ்ட்ராங்கா" என்று கேட்பவர்கள் மனத்தில் இருப்பது இதுதான். இதில் முதல் பெயர் நம் ஊர்ப் பெயர். சென்னா என்று உலகம் சொல்லும் செடியை நாம் நிலாவாரை, நிலவாகை என்கிறோம். அரேபியப் பக்கத்திலிருந்து வந்த இந்தச் செடி திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் வறண்ட காட்டில் நன்றாக வேரூன்றி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகி, உலகச் சந்தையில் 'தின்னவேலி சென்னா' என்றே பெயர் வாங்கிவிட்டது. ஐரோப்பாவில் ஒருவர் காலையில் நிம்மதியாக எழுந்து வந்தால் அதில் நம் கரிசல் காட்டுக்கும் பங்கு இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னாவுக்கு இடம் உண்டு.

இலையிலும் காயிலும் இருக்கும் சென்னோசைடு வயிற்றிலும் சிறுகுடலிலும் சும்மா கடந்துபோகும். பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகுதான் அது விழித்துக்கொள்கிறது. தசையைச் சுருங்க வைக்கிறது, நீர் உறிஞ்சுவதையும் குறைக்கிறது. இந்தப் பயணத்துக்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ஆகவே ராத்திரி படுக்கும்போது போட்டால் காலையில் வேலை. காலையில் போட்டுவிட்டு ஆபீஸ் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைவிட ஆபத்தான ஆள், ராத்திரி 9 மணிக்கு ஒன்று போட்டு, 11 மணி வரை ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னும் இரண்டு போடுபவர். விடிகாலையில் மூன்றும் சேர்ந்து கணக்குத் தீர்க்கும்.

பிசாகோடில் மாத்திரையும் இப்படித்தான், அதே 6 முதல் 12 மணி நேரம். அதன்மேல் ஒரு பூச்சு இருக்கும். இரைப்பை அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைவதற்காக. பாலோடு விழுங்கினாலோ, அமிலம் குறைக்கும் ஜெலுசில் மாதிரி மருந்தோடு விழுங்கினாலோ பூச்சு இரைப்பையிலேயே கரைந்து வயிற்றைப் பிசையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். மெல்லவும் கூடாது, உடைக்கவும் கூடாது. ராத்திரிப் பால் குடிக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் இதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் திட்டு வாங்கியிருக்கிறேன். சோடியம் பிகோசல்ஃபேட் என்ற சொட்டு மருந்தும் இதன் உறவுதான்.

விளக்கெண்ணெயைத் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் விடியலில், மூக்கைப் பிடித்து, வாயைத் திறக்கவைத்து ஊற்றுவார்கள். பின்னாலேயே காப்பியோ இஞ்சிச் சாறோ வரும். அன்று முழுக்கப் பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டும் இல்லை, மதியம் ரசம் சாதம். என் வயதுக்காரர்களுக்கு அந்த வாசனை இன்னும் போயிருக்காது. ஆமணக்கு எண்ணெய் சிறுகுடலில் உடைந்து ரிசினோலிக் அமிலம் ஆகிறது, அது குடல் தசையைப் பிடித்து முறுக்குகிறது. 2 முதல் 6 மணி நேரத்தில் தண்ணீராக ஓடும். மற்ற இரண்டும் பெருங்குடலில் வேலை செய்ய, இது சிறுகுடலிலேயே ஆரம்பித்துவிடுவதால் வலியும் ஓட்டமும் அதிகம். பெயரைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தால் இது பேதி மருந்து, மலமிளக்கி இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஆகாது, கருப்பையையும் சுருங்க வைக்கும். குழந்தைகளுக்கு வருஷம் இரண்டு முறை கொடுத்த வழக்கத்துக்கு வயிற்றுப் பூச்சியும் ஒரு காரணமாக இருந்தது. இன்றைக்கு அல்பெண்டசோல் ஒரு மாத்திரையில் அந்த வேலை முடிகிறது, அரசுப் பள்ளிகளிலேயே கொடுக்கிறார்கள். ஓட ஓட விரட்டத் தேவையில்லை. நேர்வாளம் என்ற கடும்பேதி விதை இதையும் தாண்டியது. சித்த வைத்தியர் சுத்தி செய்து, அளந்து கொடுக்கும் பொருள் அது, நாமே நாட்டு மருந்துக் கடையில் வாங்கிச் செய்து பார்க்கும் சங்கதி இல்லை.

இந்த வகையைப் பற்றி ஒரு பெரிய பயம் இருக்கிறது. "பழகிட்டா குடல் சோம்பேறி ஆயிடும்" என்பார்கள். நானும் பல வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். சரியான அளவில் எடுத்தால் சென்னாவோ பிசாகோடிலோ குடல் நரம்பை அழிக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்பதுதான் இப்போதைய நிலை. மாத்திரையை நிறுத்தியதும் சிக்கல் திரும்புகிறது என்றால், பெரும்பாலும் பழைய சிக்கல் தீராமல் இருந்தது என்றுதான் அர்த்தம். நீண்ட நாள் சென்னா எடுத்தவர்களின் குடல் சுவர் கறுத்துப் போயிருப்பதைக் கொலனோஸ்கோபியில் பார்ப்பார்கள். அது கறைதான், நிறுத்தினால் சில மாதங்களில் மங்கிவிடும். இதைச் சொன்னதால் தினமும் போடலாம் என்று அர்த்தமில்லை. அளவு மீறினால் பொட்டாசியம் இறங்கும், அது இதயத்தில் போய் நிற்கும். ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால், ஏன் தேவைப்படுகிறது என்று ஒரு மருத்துவர் பார்க்கட்டும்.

பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் இளஞ்சிவப்பாக மாறுமே பினால்ஃப்தலீன், அதுவும் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி பல நாடுகளில் விற்ற மலமிளக்கிதான். விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் காட்டியதால் 1990-களின் இறுதியில் அமெரிக்கா அதை நீக்கியது. டைட்ரேஷன் செய்துவிட்டுக் கையை நக்காதே என்று வாத்தியார் சொன்னதற்குக் காரணம் இருந்திருக்கிறது.

வழுக்க வைப்பவை, கீழிருந்து போடுபவை

லிக்விட் பாரஃபின் மலத்தைச் சுற்றி எண்ணெய் பூசி வழுக்கிவிடும். நம் ஊரில் மெக்னீசியப் பாலோடு கலந்து ஒரே பாட்டிலாக விற்கிறார்கள், மூலம் உள்ளவர்கள் நிறைய வாங்குவார்கள். சில நாளுக்குப் பரவாயில்லை. தொடர்ந்து குடித்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும். படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்கு ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். டாகுசேட் என்ற மென்மையாக்கி கேட்க நன்றாக இருக்கும், பலன் மிகக் குறைவு.

மலக்குடலிலேயே கல்லாகி நிற்கும்போது மேலிருந்து என்ன குடித்தாலும் வாசலில் அடைப்பு அடைப்பாகவே இருக்கும். அப்போது கீழிருந்துதான் போக வேண்டும். ஆசனவாய் வழியாக உள்ளே வைக்கும் மருந்துக் குச்சிக்கு சப்போசிட்டரி என்று பெயர்; கிளிசரின் சப்போசிட்டரி, பிசாகோடில் சப்போசிட்டரி இரண்டும் 15 நிமிஷம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும். நம் பாட்டிகள் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டுக் குழந்தைக்கு வைத்தது இதே யோசனைதான். யோசனை சரி, காம்பு கீறிவிடும், வேண்டாம். சோப்புத் துண்டு வைப்பது இன்னும் மோசம், எரிந்து புண்ணாகும். எனிமாவில் பாஸ்பேட் கலந்தவை முதியவர்களுக்கும் சிறுநீரகக்காரர்களுக்கும் ஆபத்தானவை, மருத்துவர் சொல்லாமல் வாங்கிப் போட வேண்டாம்.

வீட்டில் நாள்பட்டுப் படுக்கையில் இருக்கும் பெரியவர் யாராவது இருந்தால் இந்த ஒன்றைக் கவனியுங்கள். பத்து நாளாக மலம் போகாதவருக்குத் திடீரென்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகக் கசிய ஆரம்பிக்கும். பேதி என்று நினைத்து அதை நிறுத்த மாத்திரை கொடுத்துவிடுவார்கள். உள்ளே பெரிய அடைப்பு, அதன் ஓரமாகக் கசிவதுதான் அது. நிறுத்தினால் நிலைமை கெடும். கைவிரலால் சோதித்துப் பார்க்க ஒரு மருத்துவரோ செவிலியரோ வர வேண்டும்.

யாருக்கு எது

கடையில் நான் முதலில் கேட்பது, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், முதுகு வலிக்குக் கொடுக்கும் ட்ரமடால், கோடீன் இருமல் சிரப், வெராபமில் போன்ற சில பிரஷர் மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், எல்லாமே மலத்தைக் கட்டும். காரணம் அங்கே இருந்தால் மருத்துவரிடம் சொல்லி அதை மாற்றுவதே சிகிச்சை. மாற்ற முடியாத இடமும் உண்டு. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவருக்கு முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்த்துக் கொடுக்க வேண்டும். மார்ஃபின் குடலின் தள்ளுதலையே அணைத்துவிடுகிறது, அதனால் சென்னாவும் பாலிஎத்திலீன் கிளைகாலும் பொருந்தும். இசப்கோல் பொருந்தாது, தள்ளாத குடலில் பருமனைக் கூட்டினால் அடைப்புதான் மிஞ்சும். தைராய்டு குறைவும் சர்க்கரையும் பார்கின்சன் நோயும் கூட மலச்சிக்கலாக முகம் காட்டும்.

கர்ப்பிணிகளுக்கு இசப்கோல், போதாவிட்டால் லாக்டுலோஸ். மூலம், ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்களுக்கு முக்காமல் போவதே முக்கியம் என்பதால் இளக்கும் வகை. குழந்தைகளுக்கு மருத்துவர் எடையைப் பார்த்து அளவு சொல்லும் லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைகால். ஒருமுறை வலித்துவிட்டால் குழந்தை பயந்து அடக்கும், அடக்கினால் இன்னும் காயும், காய்ந்தால் இன்னும் வலிக்கும். இந்தச் சுற்றை உடைக்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் போனதும் நிறுத்தும் பெற்றோர்தான் அதிகம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தை ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சில நாள், ஒரு வாரம்கூட, போகாமல் இருக்கலாம். போகும்போது இளக்கமாகப் போய், குழந்தை நன்றாகக் குடித்து எடையும் ஏறினால் எந்த மருந்தும் வேண்டாம்.

நான்காவது கோளாறு, வாசல் திறக்காதது. சிலருக்கு முக்கும்போது இளக வேண்டிய தசை இறுகிக்கொள்ளும். இவர்களுக்கு எந்த மலமிளக்கியும் சரிவராது, தசையைப் பழக்கும் பயிற்சிதான் தீர்வு. மற்றவர்களுக்கும் உட்காரும் விதம் உதவும். குத்த வைத்து உட்கார்ந்தால் மலக்குடலின் வளைவு நிமிர்கிறது. வெஸ்டர்ன் டாய்லெட் வீட்டில் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு முன்னால் சாய்ந்தால் ஏறக்குறைய அதே பலன். நேரம், காலை உணவுக்குப் பிறகான அரை மணி. வயிறு நிறைந்ததும் பெருங்குடல் தள்ள ஆரம்பிக்கும், அந்த நேரத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் அழைப்பு வந்தும் எடுக்காத போன் மாதிரிதான்.

இவை எதற்கும் அசையாத சிக்கலுக்கு ப்ரூகலோப்ரைட், லூபிப்ரோஸ்டோன் போன்ற புதிய மாத்திரைகள் இருக்கின்றன. மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியவை.

சில சமயம் எந்த மலமிளக்கியும் தரக் கூடாது. கடும் வயிற்று வலி, வாந்தி, வயிறு பானை போல உப்பிக் காற்றுகூடப் பிரியாத நிலை, இவற்றில் ஏதாவது இருந்தால் குடல் அடைப்போ குடல்வால் அழற்சியோ இருக்கலாம், தள்ளும் மருந்து குடலைக் கிழித்துவிடலாம். நேராக ஆஸ்பத்திரி. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 50 வயது நெருங்கும்போது புதிதாக வரும் மலச்சிக்கல், இவை பெருங்குடல் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். ரத்தம் என்றாலே மூலம் என்று தீர்மானித்து வருஷக்கணக்கில் பாரஃபின் பாட்டில் வாங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, உடம்பு இளைக்க மலமிளக்கி வாங்கும் இளவயதினர். சாப்பாட்டின் சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், சென்னா வேலை செய்வது அதற்கு அப்புறம், பெருங்குடலில். எடைமெஷினில் குறைவது தண்ணீர், இரண்டு சொம்பு குடித்ததும் திரும்பிவிடும், போன பொட்டாசியம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. மெலிய வைக்கும் மூலிகைத் தேநீர் என்று அழகான டப்பாவில் விற்பதை வாங்கினால் அதன் பின்பக்கம் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். சென்னா இலை என்று போட்டிருந்தால், அது நம் நிலாவாரைதான்.